ஏழு மணிச் சங்கு

ஊரில் மணி பார்க்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், நம் சங்குக்காரர் பஞ்சாலையின் பாய்லர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் மூண்ட யுத்தம் இங்கே மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஆட்களை வரிசையில் நிறுத்தியிருந்தது. சிப்பாய்களுக்குத் துணி வேண்டுமென்று ஆலை மூன்று ஷிப்டும் ஓடியது. கரி அள்ளிப் போட வந்த பையன் உயரமாக இருக்கிறான் என்ற ஒரே தகுதியைப் பார்த்து, சங்குக் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சங்கு என்றால் ஆலைக் கூரைமேல் நின்ற பித்தளைக் குழாய். பாய்லரின் நீராவி அதற்குள் ஏறும். கீழே தொங்கும் கயிற்றை இழுத்தால் நாலு மைலுக்குக் கேட்கும். அதை வைத்துத்தான் ஊர் எழுந்தது, அடுப்பு மூட்டியது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது. சங்குக்காரர் ஐந்து நிமிஷம் பிந்தினால் ஊரே ஐந்து நிமிஷம் இளமையாக இருக்கும் என்று கிண்டல் செய்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

எதிரி விமானம் வந்தால் விட்டு விட்டு இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகைக்கு ஒருநாள் இழுத்தார். பாதி ஊர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. விமானம் எதுவும் வரவில்லை. யுத்தம் முடிந்த அன்று ஐந்து நிமிஷம் விடாமல் இழுத்தார். பிறகு நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர்கள் போய்க் கொடி மாறியது. அன்றைக்கும் ஐந்து நிமிஷம். சரித்திரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் செய்தது என்னவோ அந்தக் கயிற்றை இழுத்ததுதான். மூன்றாம் தடவை சரித்திரம் திரும்பியபோதும் அதையேதான் செய்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

பாய்லர் அறையில் சங்குக் கயிற்றுக்கு முறை மாற்றி இரண்டு ஆள். இன்னொருவரை ஊரே நொட்டாங்கை என்று கூப்பிடும். எழுதுவது, கரி அள்ளுவது, கோபம் வந்தால் அறைவது எல்லாம் அவருக்கு இடது கைதான். சங்குக் கயிற்றை இடது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுப்பார். விடும்போது அந்தச் சுற்று உடனே அவிழாது. ஓசை அடங்கின பிறகு 'பூம்' என்று குட்டியாக இன்னொரு ஓசை வரும். ஊர் அதற்கு வால் என்று பேர் வைத்திருந்தது. நம்மவரோ வலது கைக்காரர். மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, கத்தரித்ததுபோல நிறுத்துவார். இன்றைக்கு யார் கை என்று தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலில் அது விளையாட்டுக்கு. பிறகு நிஜமாகவே ஆனது. தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர் நொட்டாங்கை. நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த அந்தத் தங்கையைச் சங்குக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார். ஆலை கொடுத்த ஓரறை வீடுகளின் வரிசையில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கஷாயம் கொதிக்கும்.

கொடி மாறி ஆறாவது வருஷம் புது இயந்திரங்கள் வந்தன. இருநூறு பேர் வேண்டாம் என்றது நிர்வாகம். நம் அரசாங்கம்தானே, கேட்டால் கிடைக்கும் என்று நம்பி ஆயிரத்து நானூறு பேரும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சங்குக்கு அப்போது யூனியன் ஒரு ஏற்பாடு செய்தது. வேலைநிறுத்தம் முடியும்வரை சங்கு ஊதாது. ஒப்பந்தம் கையெழுத்தானால் மறுநாள் காலை ஏழு மணிக்கு இந்த இருவரில் ஒருவர் இழுப்பார். சங்கு கேட்டால் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம், எல்லாரும் வரலாம்.

நாற்பது நாள் ஊர் வாயடைத்துக் கிடந்தது. சங்குக்காரர் வீட்டில் அரைப் பட்டினி, மனைவி ஏழு மாதக் கர்ப்பம். எதிர்வீட்டு அக்கா மட்டும் எங்கிருந்தோ அரிசி புரட்டிக் கஞ்சி காய்ச்சி வரிசை வீடுகளுக்கெல்லாம் ஊற்றினாள். கர்ப்பிணிக்கு இரண்டு கரண்டி கூட.

நாற்பதாம் நாள் மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். போகாமல் இருந்திருக்கலாம், போனார். உள்ளே நுழைந்ததும் மேனேஜர் எழுந்து ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். பத்து வருஷமாக 'டேய்' கேட்டுப் பழகிய காதில் அந்த 'ங்க' விழுந்தது. உட்கார்ந்தார். இருக்கையில் மெத்தை வைத்துத் தைத்திருந்தது. பின்னாளில் எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்திருக்கிறார். பட்டினி என்பார், பிள்ளைத்தாய்ச்சி என்பார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் என்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் தன்னைக் கவிழ்த்தது அந்த நாற்காலிதான் என்று அவருக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும்.

மேனேஜர் கேட்டது சின்ன விஷயம். இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்க அதிகாரிகளே பாய்லரை மூட்டி வைத்திருந்தார்கள், நீராவி இருந்தது. வேறு யாராவது இழுத்தால் ஊருக்குக் கை தெரிந்துவிடும். நீங்கள் நாளை ஏழு மணிக்கு ஒரே ஒரு தடவை இழுங்கள்; பாதிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள், கதவைச் சாத்தி வேலையைத் தொடங்கிவிடலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றார். வீடு உங்களுக்கே என்றும் சொன்னார். சங்குக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வெளியே பார்த்தவர்கள் விசாரித்தபோது, கூப்பிட்டாங்க, முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன் என்றார். முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததை மேனேஜர் கேட்கவில்லை. அது முழுக்க முழுக்க அவர் சொந்த மூளை.

மறுநாள் விடிந்ததும் விறகு பொறுக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, கரிமுற்றத்துச் சுவரேறிப் பாய்லர் அறைக்குள் குதித்தார். கயிற்றை வலது கையில் எடுத்தார். பிறகு கை மாற்றினார். இடது மணிக்கட்டில் ஒரு சுற்று. வெடுக்கென்று ஓர் இழுப்பு. விடும்போது கயிறு தோலை உரித்துக்கொண்டு அவிழ்ந்தது. பூம் என்று வால் வந்தது, அச்சு அசலாக.

ஊர் ஓடி வந்தது. சட்டை போடாதவன், பாதி முகம் மழித்தவன், இடுப்பில் பிள்ளையைச் செருகியவள் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டதென்று ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை பேர் வருவார்கள் என்று மேனேஜர் நினைக்கவில்லை போலிருக்கிறது. மிரண்டுபோய்க் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளே தயாராக நின்ற போலீஸ் தடியோடு வெளியே வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாமல் நெருக்கித் தள்ளினார்கள். இரும்புக் கதவு சாய்ந்தது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டு அக்கா.

சங்குக்காரர் எங்கே இருந்தார் என்றால், சுவரேறி இறங்கிக் கூட்டத்தின் கடைசியில் சேர்ந்து அவரும் ஓடிக்கொண்டிருந்தார். மற்றவர்களோடு சேர்ந்து சத்தமும் போட்டார். அன்று மத்தியானம் மனைவி அழுதுகொண்டே அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு என்ன இது என்றாள். விறகுக் கட்டுக் கயிறு இழுத்துவிட்டது என்றார். அவள் எண்ணெய் எடுத்துத் தடவினாள்.

வால் கேட்ட ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஒருவனைக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டான். அதனால் இன்னொருவனைப் பிடித்துவிட்டார்கள். கணக்குச் சரியாக வந்தது. சாயங்காலத்துக்குள் நொட்டாங்கையின் சுவரில் கரியால் 'கருங்காலி' என்று எழுதிவிட்டார்கள். அவர் இல்லவே இல்லை, வீட்டில்தான் இருந்தேன் என்றார். குற்றம் செய்தவன் வேறெப்படிச் சொல்வான் என்று காறித் துப்பினார்கள்.

மூன்றாம் நாள் அவர் ஊரை விட்டுக் கிளம்பினார். பெண்டாட்டியைத் தெருமுனையில் மூட்டையோடு நிற்க வைத்துவிட்டு, தங்கை வீட்டு வாசலுக்கு வந்தார். நிலைப்படி தாண்டவில்லை. சங்குக்காரர் உள்ளே அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசல் நன்றாகத் தெரிந்தது. நொட்டாங்கை கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

"இந்த வீட்ல தண்ணி இல்ல" என்றாள் தங்கை. "அக்காவ கொன்ன கைக்கு என் கையால ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன்."

"நீயுமா நம்புற?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது நொட்டாங்கை அவள் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். அந்த ஊரில் அவருடைய இழுப்பு தெரிந்த கைகள் இரண்டுதான். ஒன்று அவருடையது, அது இழுக்கவில்லை. மீதி எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சங்குக்காரர் மணிக்கட்டை மடியில் மறைத்தார். அதையும் அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, தங்கையின் வயிற்றைப் பார்த்தார்.

"தங்கச்சிய பாத்துக்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை, தங்கையின் வாழ்க்கை கெடும் என்று விழுங்கிக்கொண்டார். சொல்ல வேண்டியவரும் சொல்லவில்லை. தன் வாழ்க்கை கெடும் என்று விழுங்கிக்கொண்டார். இரண்டு மௌனமும் ஒன்றில்லை என்பது சங்குக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ராத்திரிச் சாப்பாடு அவருக்கு ஒருநாளும் நேராக இறங்கியதில்லை.

காலம் என்னவோ யாருக்கும் நிற்கவில்லை. மூன்று சாவுக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது, ஆலை மறுபடி ஓடியது. பையன் பிறந்தான், படித்தான், வேறு ஊருக்குப் போனான். அரசாங்கங்கள் வந்தன, போயின. நடுவில் ஒரு சமயம் நாலு பேர் கூடி நின்றாலே பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போதும் சங்கு வேளை தவறாமல் ஊதியது. பிறகு கைக்கடிகாரம் காய்கறி விலைக்கு வந்தது. ஒருநாள் ஆலையே மூடப்பட்டது. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த கடைகள் எழுந்தன. பழைய கதவின் இரண்டு தூண்கள் மட்டும் மிஞ்சின. நொட்டாங்கை இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மரக்கடையில் காவல்காரராக இருந்தார், எந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை, அங்கே ஒரு மகள் பிறந்தாள் என்று காதில் விழுந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் இறந்த செய்தி அந்த மகளின் கடிதத்தில் வந்தபோது மனைவி அடுப்பை அணைக்காமல் வேலையைப் பார்த்தாள். போய் வரலாமா என்று சங்குக்காரர் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவருக்கு அன்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நாற்பது நாள் வேலைநிறுத்தத்துக்கு ஐம்பது வருஷம் ஆனதென்று யூனியன் விழா எடுத்தது. பேரப்பிள்ளைகள் வயதில் ஆட்கள் வீட்டுக்கு வந்து அவரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அச்சடித்த மலர் கைக்கு வந்தது. மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஆசைக்கு வளையாத கை' என்று அவர் படத்துக்குக் கீழே போட்டிருந்தது. ஏழு மணிக்குத் தூண்களுக்கு நடுவே பழைய சங்கை அவர் கையாலேயே ஊத வைக்கப் போகிறார்கள். ஆலையை உடைத்தபோது யூனியன் அதைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வைத்திருந்தது. காற்றுத் தொட்டி ஒன்றோடு இணைத்துக் கயிறும் கட்டியாயிற்று.

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்க அண்ணன் போக்கின மானத்த நீங்கதான் மீட்டுக் குடுத்தீங்க" என்றாள். ஐம்பது வருஷத்தில் அவள் அண்ணன் என்ற சொல்லை எடுத்தது அன்றுதான். சங்குக்காரருக்குக் காது மடல் சுட்டது. சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார். காப்பி கேட்டார்.

விழா அன்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. அவரால் அதில் ஒட்ட முடியவில்லை, நுனியில் உட்கார்ந்தார். ஏழு மணிக்குக் கயிற்றைக் கொடுத்தார்கள். முதல் தடவை வலது கையால் இழுத்தார். மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, கத்தரித்து நிறுத்தினார். கை தட்டினார்கள். மனைவி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கயிற்றைக் கை மாற்றினார். இடது மணிக்கட்டில் ஒரு சுற்று. வெடுக்கென்று இழுத்து விட்டார். வால் வந்தது.

பல்லில்லாத பழைய நூற்பாலைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "அட, நொட்டாங்கை மாதிரியே பண்றாரு பாரு" என்றார். கூட்டம் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கை தட்டியது. இல்லை, வேடிக்கை இல்லை என்று சொல்ல மைக் இரண்டடித் தூரத்தில் இருந்தது. அவர் அதன் பக்கம் போகவில்லை. முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது.

"அன்னிக்கு இதே எடத்துலதான் எண்ணெய் தடவினேன்" என்றாள். "விறகுக் கட்டுன்னு சொன்னீங்க."

அவர் தலையாட்டினார்.

"இதக்கூடச் சங்க வச்சுத்தான் சொல்லுவீங்களா? வாய் எதுக்கு இருக்கு?"

"வாய் வரல" என்றார்.

"அம்பது வருஷமாவா?" அவள் கையை விட்டுவிட்டாள். "அது தண்ணி கேட்டு வாசல்ல நின்னுச்சு. நான் இல்லன்னேன். நீங்க உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

அதற்கு மேல் அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். மறுநாள் காலை ஒரு பையில் மாற்றுச் சேலை எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணன் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நானும் வரட்டுமா என்று கேட்டார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க. ஆனா உள்ள வராதீங்க. வாசல்ல நில்லுங்க."

அண்ணன் மகள் தையல்காரி. முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தாள். தரையெங்கும் வெட்டுத் துணி. வந்தவள் யாரென்று தெரிந்ததும் மெஷினை அப்படியே விட்டு எழுந்து, அத்தை என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சுவரில் நொட்டாங்கையின் படம் இருந்தது. மனைவி அதன் எதிரே போய் நின்றுகொண்டாள். சங்குக்காரர் நிலைப்படிக்கு வெளியே, வெயிலில் நின்றார்.

தையல்காரி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

"ஏன் மாமா வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. அப்பா கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல."

டம்ளர் அவர் கைக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அவருக்கு ஒண்ணு சொல்லணும். அவரே சொல்லட்டும்."

தையல்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்படியே அப்பாவின் கண். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சங்கு இழுத்தது உங்கப்பா இல்லம்மா" என்றார். "நான்தான். உங்கப்பா இழுக்கிற மாதிரி இழுத்தேன்."

அவள் ஓரடி பின்வாங்கினாள், மெஷின்மேல் இருந்த கத்தரிக்கோல் தட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அவர் கையிலிருந்த டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதில் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.